கீரை, வாரம் மூன்று நாள்

6 பிப்ரவரி 2024, செவ்வாய்

எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் முடிந்தது. பாஸ். தொண்டைதான் கட்டிப்போய்விட்டது. நூற்றெண்பது பேருக்கும் ஒரே பதிலை ஊட்டினால் எந்தத் தொண்டை தாங்கும்?

"ஓவர்டைம் எவ்வளவு?" "வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இல்லீங்க." "பாத்ரூம் போக யாரையாவது கேட்கணுமா?" "வேண்டியதில்லீங்க." தைத்த துணியில் ஓட்டை தேடும் செக்கிங் பிரிவில் ஆணியில் தொங்கும் பாத்ரூம் டோக்கனை நேற்றே கழற்றி என் டிராயரில் போட்டுவிட்டேன். நாளைக்கு மறுபடி மாட்ட வேண்டும்; அது கையில் இல்லாமல் யாரும் பாத்ரூம் போக முடியாது.

பனியன் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர் என்றால் பாதி வேலை இதுதான். பதில் மனப்பாடம் ஆகாதவர்களுக்கும் வாய் நிற்காதவர்களுக்கும் ஆடிட் அன்றைக்குச் சம்பளத்தோடு லீவு. அந்த லிஸ்டில் எப்போதும் முதல் பெயர் செக்கிங் கருப்பாத்தாள் அக்கா. ஐம்பத்தொரு வயது. சொல்லிக்கொடுக்கும்போது நன்றாகத் தலையாட்டுவார். ஆடிட்டர் எதிரில் உட்கார்ந்ததும் உள்ளதைச் சொல்லிவிடுவார். ஒருமுறை பட்டாயிற்று, போதும்.

நூல் ஏஜென்ட் கொடுத்த இந்த டைரியில் மட்டும்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மற்ற நோட்டெல்லாம் ஆடிட்டருக்குப் பிடித்தபடி.

9 பிப்ரவரி, வெள்ளி

முதலாளி பொங்கியண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் கோயமுத்தூரிலிருந்து வந்த ஒரு டாக்டர். பெயர் தரணீதரன், முப்பத்தைந்து இருக்கும். நாற்பது வயதுக்கு மேல், குடலில் எந்தக் கோளாறும் இல்லாத முப்பது பேர் அவருக்கு வேண்டுமாம். என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேள்வித்தாள், கொஞ்சம் ரத்தம், பிறகு ஆஸ்பத்திரியில் ஆசனவாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு உட்சுவரில் அரை அரிசி அளவுக்குச் சதை.

நோயே இல்லாதவர்கள் குடலில் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். செக்கிங் பெண்கள் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர் மேஜையில் கிடந்தது. அதை எடுத்துக் காட்டிச் சொன்னார்.

"டி.என்.ஏ.வைத் துணின்னு வெச்சுக்கங்க. இதை ஒட்டினாலும் துணி அதே துணிதான். ஆனா அந்த பீஸ் லைன்ல போகாது. உடம்பும் ஜீன் மேல இப்படிச் சின்னக் குறி வைக்கும். மெத்திலேஷன்னு பேரு. குறி விழுந்த ஜீன் பெரும்பாலும் வேலை செய்யாம ஒதுங்கிக்கும். வயசாக ஆகக் குடல்ல இந்தக் குறிகள் இடம் மாறுது. குறி வைக்கத் தேவையான சரக்கு ஃபோலேட், பி12 மாதிரி வைட்டமின்களை நம்பித்தான் இருக்கு. அது சாப்பாட்டுல கூடக் குறைய இருந்தா, நல்லா இருக்கற குடல்லயே குறி மாறுதான்னு பார்க்கறோம்."

"வைட்டமின் கூட இருந்தா நல்லதுதானுங்களே சார்?"

"அப்படி எடுத்தவுடனே சொல்ல முடியாது மேடம். தெரியாமத்தான் கேட்கறோம்."

மலத்தில் ரத்தம் போகிறவர்கள், எடை குறைகிறவர்கள் ஆய்வுக்கு வேண்டாம் என்றார். கேள்வித்தாளுக்கு எந்தப் பதில் சரி என்று கேட்டேன். "என்ன சாப்பிடறாங்களோ அதுதான் சரி. இதுல பாஸ் ஃபெயில் எதுவும் இல்லை" என்றார். எல்லா ஆடிட்டரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் போன பிறகு முதலாளி சொன்னார்: "ஏம்மா ஜெயபாரதி, நல்ல ஆளுங்களாப் பார்த்துக் குடு. ரிப்போர்ட்ல நம்ம கம்பெனி ஆளுங்க பஞ்சத்துல அடிபட்ட மாதிரி வந்துரக் கூடாது. பையர் படிப்பான்."

15 பிப்ரவரி, வியாழன்

டாக்டர் கேள்விகளுக்குப் பதில் தாள் அடித்துவிட்டேன். காலை: இட்லி, சாம்பார். மதியம்: சோறு, பருப்பு, ஒரு காய். கீரை: திங்கள், புதன், வெள்ளி. முட்டை: வாரம் நான்கு. பழம்: தினம் ஒன்று. முப்பது காப்பி.

சத்து மாத்திரை ரெஜிஸ்டரையும் டாக்டர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு திங்களும் எல்லோருக்கும் இரும்பும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்த மாத்திரை கொடுத்ததாக அதில் டிக் இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று பெண்கள் குப்பையில் வீசுவதால் நான் பெட்டியைப் பிரிப்பதையே விட்டுவிட்டேன். டிக் மட்டும் தவறாமல் போடுகிறேன். ரெஜிஸ்டருக்குப் புது அட்டை போட்டு வைத்தேன்.

17 பிப்ரவரி, சனி

கேன்டீனில் ஒத்திகை. எல்லோரும் ஒரே குரலில் கீரை சாப்பிட்டார்கள். கருப்பாத்தாள் அக்கா மட்டும் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"கீரையா? காலையில பன்னும் டீயும். மத்தியானம் ரசஞ்சோறு. ஷிப்மென்ட் இருந்தா ராத்திரியும் பன்னுதான். கீரை வாங்கி ஆயறதுக்கு எனக்கெங்க கண்ணு நேரம்?"

"டாக்டர்கிட்ட இதையெல்லாம் சொல்லாதீங்கக்கா."

"பொறவு டாக்டர் கேக்கறது எதுக்கு?" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "ரெண்டு மாசமா வெளிக்குப் போறப்ப ரத்தம் வருது கண்ணு. அதையும் அவருகிட்டயே கேட்டுப்போடலாம்னு இருக்கறேன்."

"மூலமா இருக்கும்க்கா. மோர் நிறையக் குடிங்க. நீங்க புதன்கிழமை லீவு எடுத்துக்கங்க. சம்பளம் வந்துரும்."

"டாக்டரு வர்ற அன்னிக்கா லீவு?"

"ஆமாங்க்கா."

லிஸ்டில் அவர் பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்தேன். ரத்தம் போகிறவர்கள் வேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். விதிப்படிதான்.

21 பிப்ரவரி, புதன்

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் பொறுமைசாலி. ஒவ்வொருவரிடமும் கால் மணி நேரம் உட்கார்ந்தார். பேக்கிங் ராக்கையா அண்ணன் மட்டும் "முட்டை வாரம் நாலு, கீரை தினம் ஒண்ணு" என்று மாற்றிச் சொல்லிவிட்டுத் தானே திருத்திக்கொண்டார்.

28 பிப்ரவரி, புதன்

கம்பெனி வேனில் கோவை. இரண்டு பேர் பயந்து பின்வாங்கியதுபோக இருபத்தெட்டுப் பேர். குழாய் விட்டுச் சதை எடுத்துத் திரும்பி வந்தார்கள். கூச்சத்தில் வழி நெடுக ஒருவரும் பேசவில்லை. அவிநாசி வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

8 மார்ச், வெள்ளி

மகளிர் தினம். இருபத்தெட்டுப் பேர் போட்டோவையும் பெரிதாக அடித்து வாசலில் மாட்டியிருக்கிறார்கள். எனக்கு ஒரு சால்வை.

14 மே, செவ்வாய்

டாக்டர் போன் செய்தார். குழம்பிப்போயிருக்கிறார்.

"தாள்ல பார்த்தா உங்க ஆளுங்க கீரை சாப்பிடறாங்க, மாத்திரை போடறாங்க. ரத்தத்துல ஃபோலேட் அடிமட்டத்துல இருக்கு மேடம். குடல் சதையில இருக்கற குறிக்கும் சாப்பாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடைக்கலை. லேப்ல தப்போன்னு எல்லாத்தையும் மறுபடி ஓட்டிட்டேன். மூணு மாசம் போச்சு. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

எனக்குத் தோன்றியது. நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"இங்கெல்லாம் கீரையை ரொம்ப நேரம் வேக வெப்பாங்க சார்."

"நல்ல பாயின்ட் மேடம்" என்றார் உடனே. வேக வைத்தால் ஃபோலேட் நிறையப் போய்விடுமாம். கொங்கு நாட்டுச் சமையல் முறை என்று தனியாக ஒரு பகுதி எழுதப் போகிறாராம். எனக்கு நன்றி வேறு சொன்னார்.

யாரும் சாப்பிடாத கீரையை நான் வேக வைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த மனிதரும் நம்பிக்கொண்டு போகிறார்.

11 ஜூலை, வியாழன்

கருப்பாத்தாள் அக்கா செக்கிங் டேபிளிலேயே மயங்கி விழுந்துவிட்டார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு நான்தான் போனேன். ஹீமோகுளோபின் ஆறு. "இரும்பு மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?" என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டார்கள். பெஞ்சில் படுத்தபடி அக்கா "இல்லீங்க" என்றார்.

என் ரெஜிஸ்டரில் அவர் பெயருக்கு நேராக இந்த வருஷம் மட்டும் இருபத்தெட்டு டிக்.

ரத்தம் இன்னும் போகிறதா என்று கேட்டேன். "நிக்கவே இல்லையே கண்ணு. மோரு குடிச்சுட்டுத்தான் இருக்கறேன்" என்றார்.

19 ஜூலை, வெள்ளி

அக்காவின் மகள் கீர்த்தனா போன் செய்தாள். குழாய் விட்டுப் பார்த்துவிட்டார்கள். பெருங்குடலின் இடது பக்கத்தில் கட்டி. கேன்சர். ஈரலிலும் இரண்டு புள்ளி தெரிகிறதாம். "ஆப்பரேசன் பண்ணலாம்னு சொல்றாங்கக்கா, பயப்படாதீங்க" என்று அந்தப் பெண் எனக்குத் தைரியம் சொல்கிறது. அதற்கு வயது இருபத்திரண்டு.

20 ஜூலை, சனி

பிப்ரவரி 9 பக்கத்தை எடுத்துப் படித்தேன். "ஆய்வுக்கு வேண்டாம் என்றார்." என் கையெழுத்துதான்.

அவர் அத்தோடு நிறுத்தவில்லை. "ஆய்வுக்கு வேண்டாம், ஆனா என்கிட்ட அனுப்புங்க, நான் பார்க்கறேன்" என்றார். முதலாளி அறையில், எழுந்து கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பாதியை நான் எழுதவே இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறாளாம். பெரிய இவள்.

ஏன்டி லீவு குடுத்தே? அந்தம்மா வாயால கேட்டுச்சே, டாக்டர் வர்ற அன்னிக்கா லீவுன்னு. அவரு முன்னாடி அஞ்சு நிமிசம் உட்கார வெச்சிருந்தா யாரு குடி முழுகியிருக்கும்? பன்னுன்னு சொல்லியிருக்கும். சொல்லட்டுமே. பன்னைத்தானே தின்னுச்சு.

24 ஜூலை, புதன்

லீவு போட்டுவிட்டுக் கோவை போனேன். டாக்டர் தரணீதரனின் அறை சின்னது. சுவரில் எங்கள் ஊர்க் கீரைகளின் படத்தை வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். முருங்கை, அரைக்கீரை, பண்ணைக்கீரை. அதைப் பார்த்ததும் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாள், ஒத்திகை, பிரிக்காத மாத்திரைப் பெட்டி, வேக வைத்த கதை, கருப்பாத்தாள் அக்கா.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இருபத்தெட்டுப் பேரும் ஒரே நாள்ல கீரை சாப்பிடறாங்களேன்னு எனக்கு அப்பவே தோணிச்சு. சந்தை நாளா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். ஏன் மேடம்? இதுல பாஸ் ஃபெயில் எதுவும் இல்லைன்னு சொன்னேனே?"

சொன்னார்தான். பதினோரு வருஷமாகக் கேள்வித்தாள் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். கேட்கிறவருக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை அவரிடம் சொல்ல வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அக்கா ஒழுங்காகக் கீரையும் மாத்திரையும் சாப்பிட்டிருந்தால் இது வந்திருக்காதா என்று கேட்டேன்.

"ஒருத்தரை வெச்சு அப்படிச் சொல்லவே முடியாது. ஊர்ல நிறையப் பேரு நிஜமா என்ன சாப்பிடறாங்க, அவங்க குடல் எப்படி இருக்குன்னு பார்த்தாத்தான் ஏதாவது சொல்லலாம். அதைத்தான் பார்க்க வந்தேன்."

"அஞ்சு மாசம் முன்னாடி உங்ககிட்ட வந்திருந்தா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியலைங்க. வித்தியாசம் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். சொல்லவில்லை. கிளம்பும்போது அக்காவின் ரிப்போர்ட்டுகளை அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்தார்.

26 ஜூலை, வெள்ளி

முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். "நீயாப் போயி எதுக்கும்மா சொன்னே?" என்றார். அப்புறம், "நம்ம கம்பெனி பேரு எங்கயும் வராதில்ல?"

18 ஆகஸ்ட், ஞாயிறு

ஆப்பரேஷன் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். கால் கிலோ திராட்சை வாங்கிக்கொண்டு அவர் இருக்கும் காலனிக்குப் போனேன். எடை பாதியாகிவிட்ட மாதிரி இருக்கிறது. கீர்த்தனா டீ வைக்கப் போன நேரத்தில், ரத்தம் போகிறவர்களைத் தன்னிடம் அனுப்பும்படி டாக்டர் சொன்னதையும் நான் அனுப்பாததையும் சொன்னேன். சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன். அழுதுவிட்டேன்.

அக்கா அழவில்லை. சேலைத் தலைப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு லீவுல பூண்டி கோயிலுக்குப் போனேன் கண்ணு. சாமி கும்புட்டுப்போட்டு மண்டபத்துல சித்த படுத்தேன். நல்லாத் தூங்கிப்போட்டேன். பகல்ல தூங்கி எத்தன வருசமாச்சு. மேடம் புண்ணியத்துல தூங்கறோம்னு நெனச்சுக்கிட்டேன்."

கொண்டு போன திராட்சையைத் தட்டில் எடுத்து வைத்தேன்.

கொஞ்சம் கழித்து அவரே, "பீஸுல ஓட்டை இருந்தா நானு ஸ்டிக்கர் ஒட்டுவேன். கன்டெய்னர் போகோணும், பிச்சுப்போடுன்னு சூப்பர்வைசர் எத்தனையோ தடவ சொல்லியிருக்கறாரு. நானு பிக்கவே இல்ல கண்ணு. நீ பிச்சுப்போட்ட" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. டீ வந்தது. "மேடத்துக்குச் சக்கரை கம்மியாப் போட்டயா?" என்று மகளைக் கேட்டார். நான் சர்க்கரை குறைத்துக் குடிப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் காலையில் பன் தின்றுவிட்டு வேலைக்கு வருவது, அவரே சொல்லும்வரை எனக்குத் தெரியாது. வெல்ஃபேர் ஆபீசர்.

12 செப்டம்பர், வியாழன்

அடுத்த ஆடிட். இந்த முறை நான் தாள் அடிக்கவில்லை, முடியாது என்று சொல்லிவிட்டேன். புதிதாக வந்த சத்யப்பிரியா அடித்தாள். என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். பட்டன், ஜிப், லேபிள். பாத்ரூம் டோக்கன் இப்போது அவள் டிராயரில்.

8 அக்டோபர், செவ்வாய்

டாக்டர் தரணீதரனிடமிருந்து கடிதம். எங்கள் கம்பெனி ஆட்களின் தகவல் முழுவதையும் ஆய்விலிருந்து நீக்கிவிட்டாராம். சதைத் துண்டுகளில் குறிகளை அளந்து வைத்திருந்தாலும், அதற்கு நேராக வைத்துப் பார்க்க உண்மையான சாப்பாடு இல்லையே. இப்போது கேட்டால் பிப்ரவரியில் தின்றது யாருக்கு நினைவிருக்கும்? வேறு ஊரில் மறுபடி ஆரம்பிக்கிறாராம். கடிதத்தில் என் பெயர் எங்கும் இல்லை.

இருபத்தெட்டுப் பேர் கூச்சத்தை விட்டுக் குழாய்க்குப் படுத்தார்கள். அதுவும் வீண். ராக்கையா அண்ணனை வழியில் பார்த்தேன். "ரிப்போர்ட்ல நான் சொன்னது கரெக்டா வந்துருச்சுங்களா மேடம்?" என்று கேட்டார். தப்பு அவர்மேல் இல்லை, என்மேல்தான் என்று சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

17 நவம்பர், ஞாயிறு

மூன்று வாரத்துக்கு ஒருமுறை அக்காவுக்குக் கீமோ. ஒவ்வொரு வேளையும் என்ன சாப்பிடுகிறார் என்று எழுதி வரச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் மருந்தும் சத்து மாவும் எவ்வளவு என்று முடிவு செய்வார்களாம். மற்ற நாள் கீர்த்தனா எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வேலை இருப்பதால் அன்று நான் போகிறேன்.

யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது கீர்த்தனா என்னைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அக்கா, "குடு, எழுதட்டும்" என்றார்.

காலை: இட்லி ஒன்றரை. மதியம்: பருப்புச் சோறு, ஒரு கரண்டி. அரைக்கீரை, இரண்டு வாய். நான் ஆய்ந்து செய்துகொண்டு போனது. உப்பு அதிகம் என்றார்.

22 டிசம்பர், ஞாயிறு

காலை: இட்லி அரை. மதியம்: மோர் சாதம், ஐந்து வாய். இரவு: வேண்டாம் என்றுவிட்டார்.

ஈரலில் இருந்த புள்ளி பெரிதாகியிருக்கிறதாம். கீர்த்தனா வாசலில் வைத்துச் சொன்னாள்.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

நாளைக்கு அக்கா கீமோ டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும். காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. மதியம் தலையணையை உயர்த்தி வைத்து அரிசிக் கஞ்சி ஊட்டினேன். மூன்று கரண்டி. அதற்குமேல் கையைப் பிடித்துக்கொண்டார்.

நோட்டை எடுத்தேன். எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அஞ்சுன்னு எழுதிப்போடு கண்ணு" என்றார். "கம்மியா இருந்தா இந்த மருந்தையும் நிறுத்திப்போடுவாங்க. கீர்த்தனா மனசு உட்டுரும்."

பொய் சொல்ல வராத மனுஷி. என்னிடம்தான் கேட்கிறார். நான் எழுதிவிடுவேன் என்று தெரிந்து கேட்கிறார்.

"மூணுதானுங்கக்கா சாப்பிட்டீங்க" என்றேன்.

பேனாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். இன்னொரு கரண்டி கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அதில் பாதி உதட்டோரம் வழிந்து வந்தது. துண்டால் துடைத்துவிட்டேன்.

"எத்தன ஆச்சு?" என்று கேட்டார்.

மூன்றரை என்று எழுதிக் காட்டினேன். தலையாட்டினார்.